பார்த்துக் குடுங்க சார்

வேலை முடிந்து, கையைத் துடைத்துக்கொண்டு நிற்கும்போது வீட்டுக்காரர் பர்ஸை எடுப்பார். "எவ்வளவு தம்பி?" என்பார். 11 வருஷம் நான் ஒரே பதிலைத்தான் சொன்னேன்: "பார்த்துக் குடுங்க சார்."

சொல்லும்போதே தலை தானாகக் குனியும், ஒரு அசட்டுச் சிரிப்பும் வரும். அதைப் பணிவு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தங்கமான பையன் என்று பெயரும் எடுத்தேன். 400 ரூபாய் வாங்கவேண்டிய இடத்தில் 250 ரூபாயும் ஒரு டம்ளர் மோரும் கிடைக்கும். மோரைக் குறை சொல்லக்கூடாது, சில வீடுகளில் இஞ்சி தட்டிப் போட்டுப் பிரமாதமாக இருக்கும்.

நான் மதுரையில் ஏசி மெக்கானிக். கோ.புதூர் அரசு ஐடிஐயில் ஏசி, ஃப்ரிட்ஜ் பிரிவில் 2 வருஷம் படித்து 2005-ல் வெளியே வந்தேன். ஒரு டீலரிடம் 6 வருஷம் சம்பளத்துக்கு இருந்தேன். 2011-ல் சொந்தமாக ஒரு பழைய பைக், ஒரு டூல் பேக், ஒரு பிரஷர் பம்ப் என்று இறங்கினேன். வேலை தெரியும், அதில் சந்தேகமே இல்லை. ஏசியின் வெளிப் பெட்டி, அதாவது அவுட்டோர், ஓடும் சத்தத்தைக் கேட்டே பாதி நோயைச் சொல்லிவிடுவேன். ஆனாலும் 2022 வரை கையில் காசு நின்றதில்லை. சீசன் சரியில்லை, போட்டி அதிகம், மதுரைக்காரர்கள் பேரம் பேசுவார்கள் என்று எனக்குள் ஒரு காரணப் பட்டியல் இருந்தது. 2020-ல் ஊரடங்கு சரியாகச் சீசனில் வந்து விழுந்தது. மார்ச் கடைசியில் வீட்டுக்குள் போனவன், ஏப்ரல், மே இரண்டையும் மொட்டை மாடியில் உட்கார்ந்து கழித்தேன். வீட்டம்மாவின் செயின் அடகுக்குப் போனது. அதற்கப்புறம் எல்லாவற்றுக்கும் கொரோனாவைக் காரணம் சொல்ல வசதியாகிவிட்டது.

கணக்குப் பார்க்க வைத்தது அவள்தான். கல்யாணத்துக்கு முன் ஒரு ஜவுளிக்கடையில் பில் போட்டவள், எண்கள் அவளை ஏமாற்றிவிட்டுப் போகமுடியாது. 2022 ஏப்ரல் கடைசி வாரம். இரண்டு வருஷம் ஜனங்கள் இல்லாமல் நடந்த சித்திரைத் திருவிழா அந்த வருஷம்தான் மறுபடி ஊர் கூடி நடந்திருந்தது. அழகர் ஆற்றில் இறங்கிவிட்டுப் போய் இரண்டு வாரம்கூட ஆகவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது, போன் அடித்துக்கொண்டே இருந்தது. ராத்திரி 10 மணிக்கு வந்து சாப்பிடாமலே படுத்தவனை எழுப்பி, "இந்த ஒரு வாரம் மட்டும் வந்ததையும் போனதையும் என்கிட்ட சொல்லுங்க, எழுதி வைக்கிறேன்" என்றாள்.

எழுதினாள். 31 வேலைகள். வந்தது 16,350 ரூபாய். ஏசி கேஸ், கெப்பாசிட்டர், பைப், மற்ற சாமான்களுக்கு 5,600. பெட்ரோல், டீ, சாப்பாடு 2,250. என்னுடன் வரும் பையனுக்கு நாளுக்கு 700 வீதம் 6 நாளைக்கு 4,200. கழித்துப் பார்த்தால் எனக்கு மிஞ்சியது 4,300.

அவள் நோட்டை என் பக்கம் திருப்பி வைத்தாள். "அவனுக்கு 4,200. உங்களுக்கு 4,300. நூறு ரூபாய்க்காகத்தான் நீங்க முதலாளியா இருக்கீங்களா?"

அவன் காலை 9 மணிக்கு வந்து 6 மணிக்குப் போய்விடுவான், 54 மணி நேரம். நான் ஞாயிற்றுக்கிழமை அரை நாளும் சேர்த்து 68 மணி நேரம் ஓடியிருந்தேன். மணிக்கணக்கில் வகுத்தால் அவனுக்கு 77 ரூபாய் சொச்சம், எனக்கு 63. பம்ப் தேய்மானம், வராத பாக்கி, அடகு வட்டி எதுவும் இதில் சேர்க்கவில்லை. அதுவும் வருஷத்திலேயே நல்ல வாரத்தின் கணக்கு இது. ஐப்பசி, கார்த்திகையில் எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்கப் பயமாக இருந்தது.

யாராவது என்னிடம் வந்து வருமானம் கூடமாட்டேன் என்கிறது என்று சொன்னால், நான் முதலில் சொல்வது இந்த ஒரு வார நோட்டைத்தான். ஒரு வருஷக் கணக்கு வேண்டாம், எழுதவே மாட்டோம். ஒரு வாரம், உங்கள் மணி நேரத்தையும் சேர்த்து. வீட்டில் வேறு யாராவது எழுதினால் இன்னும் நல்லது. நாமே எழுதினால் கொஞ்சம் பூசி மெழுகிவிடுவோம்.

நோட்டைப் பார்த்த ராத்திரி தூக்கம் வரவில்லை. ஏன் எனக்கு விலை சொல்ல நாக்கு எழவில்லை என்று யோசித்தபோது அப்பா ஞாபகம் வந்தது. அவர் செல்லூரில் தறி ஓட்டியவர். நூல் முதலாளியுடையது, தறியும் முதலாளியுடையது. துண்டுக்கு இவ்வளவு கூலி என்று அங்கே சொல்வார்கள், அப்பா தலையாட்டிவிட்டு வருவார். கூலியை ஏற்றிக் கேட்டு அவர் நின்றதை நான் பார்த்ததே இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் கவரை வாங்கி, எண்ணாமலே சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். அங்கேயே எண்ணினால் மரியாதை இல்லையாம். நானும் அப்படித்தான், கொடுத்த நோட்டை எண்ணாமல் பையில் வைத்துப் படி இறங்கிவிட்டு, தெரு முனையில் போய்ப் பிரித்துப் பார்ப்பேன். நான் சொந்தத் தொழில் செய்கிறேன் என்று பெயர்தான். மனசு இன்னும் சனிக்கிழமைக் கவருக்குத்தான் நின்றுகொண்டிருந்தது.

அப்பாவைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவருக்கு வேறு வழி கிடையாது. எனக்கு இருந்தது.

நடுவில் ஒரு கூத்தும் நடந்தது. நண்பன் ஒருவன் பேச்சைக் கேட்டு, ஓட்டல் ஹாலில் நடந்த ஒரு நாள் முன்னேற்றப் பயிற்சிக்கு 2,500 ரூபாய் கட்டிப் போனேன். குளுகுளு ஹால். எழுந்து நின்று கத்தச் சொன்னார்கள், கத்தினோம். பக்கத்தில் இருப்பவரைக் கட்டிப்பிடிக்கச் சொன்னார்கள், அவர் ஒரு மாவு மில் அதிபர், நல்ல மனிதர். அடுத்த வருஷ வருமானத்தைத் தாளில் எழுதச் சொன்னபோது 1 கோடி என்று எழுதினேன். அதை எப்படிச் சம்பாதிப்பது என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த ஹால் ஏசி ஒன்றில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, என் கண் முழுக்க அதன் மேலேயே இருந்தது. இடைவேளையில் மேனேஜரிடம் போய், "தண்ணி போற டிரெய்ன் பைப் அடைச்சிருக்கு சார், சரிபண்ணித் தரவா?" என்று கேட்டேன். செய்தேன். "எவ்வளவு?" என்றார். என்ன சொன்னேன் என்று உங்களுக்கே தெரியும்.

மனநிலையை மாற்று என்று சொல்வது சுலபம். என் விஷயத்தில் மனசு தானாக மாறவில்லை. முதலில் ஒரு அட்டை வந்தது. வீட்டம்மா ஒரு தாளில் விலைப் பட்டியல் எழுதினாள். பார்க்க வரும் கட்டணம் 300, வேலை கொடுத்தால் அது பில்லில் கழியும். ஸ்பிளிட் ஏசியைத் தண்ணீர் அடித்துக் கழுவும் வெட் சர்வீஸ் 600. கெப்பாசிட்டர் மாற்றக் கூலி இவ்வளவு, கழற்றி மாட்ட இவ்வளவு. ஜெராக்ஸ் கடையில் தமிழில் டைப் அடித்து லேமினேட் செய்தோம். போனில் கூப்பிடுபவர்களுக்கு அதன் படத்தை வாட்ஸ்அப்பில் முதலிலேயே அனுப்பிவிடுவது என்று ஏற்பாடு. வேலைக்கு முன்னாலேயே விலை போய்விட்டால், வேலைக்கு அப்புறம் நான் நெளியவேண்டிய அவசியம் இல்லை.

ஆனால் வாயால் சொல்லியே ஆகவேண்டிய இடங்கள் இருக்கத்தான் செய்தன. அதற்கு அவள் என்னை ஒத்திகை பார்க்க வைத்தாள். சமையல்கட்டு வாசலில் நின்று அவள் கேட்பாள், "எவ்வளவு தம்பி ஆகும்?" நான், "அறுநூறு ஆகும்மா, ஆனா நீங்க பார்த்து…" என்று இழுப்பேன். "அறுநூறோட வாயை மூடுங்க" என்பாள். சிரிப்பாக இருக்கும். இருந்தாலும் முழுசாக நாலு நாள் ஆனது, 'ஆனா' இல்லாமல் அந்த வாக்கியத்தை முடிக்க.

நான் கற்றதில் ரொம்ப உதவியது அதுதான், விலையைச் சொன்ன பிறகு வரும் மௌனத்தைத் தாங்குவது. 600 என்று சொன்னதும் எதிரில் இருப்பவர் இரண்டு மூன்று வினாடி பேசமாட்டார். அவர் மனசுக்குள் கணக்குப் போடுகிறார், அவ்வளவுதான். எனக்கோ அந்த மூன்று வினாடி மூச்சு முட்டும். அதைத் தாங்கமுடியாமல் நானே, "சரி, 500 குடுங்க" என்று விழுந்துவிடுவேன். அவர் பேரமே பேசவில்லை, என்னிடம் நானே பேரம் பேசித் தோற்றிருக்கிறேன். இப்போது விலை சொன்னதும் குனிந்து டூல் பேக் ஜிப்பைச் சரிபண்ணுவேன். கைக்கு ஒரு வேலை இருந்தால் வாய் சும்மா இருக்கிறது.

எல்லாரும் கைதட்டி வரவேற்றார்கள் என்று நினைக்கவேண்டாம். பழைய வாடிக்கையாளர்களில் நாலில் ஒருவர் விலகிப் போனார்கள். கே.கே. நகரில் ஒரு ரிட்டயர்டு டீச்சரம்மா. அவர் வீட்டுக்கு 7 வருஷமாகப் போய்வந்தேன், அந்த இஞ்சி மோர் அவர் வீட்டு மோர்தான். அட்டையைக் கையில் வாங்கி, கண்ணாடி போட்டு, மேலிருந்து கீழ் வரை படித்தார். "நீயும் கடைக்காரன் ஆயிட்டியா தம்பி" என்றார். வீட்டுக்கு வந்து அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அடுத்த வருஷம் அவர் கூப்பிடவில்லை. வேறு ஆளை வைத்துக்கொண்டார் என்று கீழ் வீட்டில் சொன்னார்கள். இப்படிப் போகும் ஒவ்வொருவரும் கொஞ்சம் வலிக்கத்தான் செய்வார்கள். வலிக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆனால் நான் எதிர்பார்த்தது வேறு. பாதிப்பேருக்கு மேல் போய்விடுவார்கள் என்று நினைத்திருந்தேன். முக்கால்வாசிப்பேர் ஒன்றுமே சொல்லாமல் யுபிஐயில் அனுப்பிவிட்டார்கள். ஒருவர், "இப்பத்தான் தம்பி நிம்மதி. எவ்வளவு குடுக்கறதுன்னு தெரியாம ஒவ்வொரு தடவையும் எனக்குத்தான் சங்கடம்" என்றார். பார்த்துக் குடுங்க என்பது அவர்கள் தலையில் ஒரு சுமையை ஏற்றி வைப்பது என்று எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை.

கெப்பாசிட்டர் கதையைச் சொல்லவேண்டும், கொஞ்சம் வெட்கக்கேடுதான். கம்ப்ரஸர் ஓடவில்லை என்று கூப்பிடுவார்கள். அவுட்டோர் மூடியைத் திறந்ததும், கம்ப்ரஸரைக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டர் உப்பியிருப்பது கண்ணிலேயே தெரியும். மாற்ற 10 நிமிஷம். 10 நிமிஷ வேலைக்கு எப்படிக் காசு கேட்பது என்று நான் என்ன செய்வேன் தெரியுமா? வேண்டுமென்றே இன்னும் நாலு ஸ்க்ரூவைக் கழற்றுவேன். இண்டோரையும் திறப்பேன். வயர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பேன். முக்கால் மணி நேரம் நடித்து, வியர்வையோடு இறங்கிவந்து 300 ரூபாய் வாங்குவேன். அந்த முக்கால் மணியில் இன்னொரு வேலை முடித்திருக்கலாம்.

இப்போது 10 நிமிஷத்தில் முடித்து, பழைய கெப்பாசிட்டரை அவர் கையில் கொடுத்து, மீட்டரில் அளவைக் காட்டுகிறேன். 40 மைக்ரோஃபாரட் காட்டவேண்டியது 11 காட்டும். "இதனாலதான் சார் கம்ப்ரஸர் கிளம்பல. இப்படியே முக்கிக்கிட்டு இருந்தா கம்ப்ரஸரே போயிரும்." அவருக்குப் புரிகிறது. ஒரு வங்கி அதிகாரி மட்டும், "பத்து நிமிஷத்துக்கு இவ்வளவா?" என்றார். "ரெண்டு மணி நேரம் ஆக்கினா சார் ராத்திரி தூங்கமுடியாதே" என்றேன். சிரித்துவிட்டுக் கொடுத்தார். எல்லா இடத்திலும் இப்படி வாய் வந்துவிடாது, அன்றைக்கு வந்தது.

விலையை மட்டும் ஏற்றிவிட்டு வேலையைப் பழைய மாதிரியே செய்தால் ஒரு சீசன்கூடத் தாங்காது. இதை எனக்குப் புரியவைத்தது கேஸ் வேலை. எங்கள் தொழிலில் குறுக்கு வழி ரொம்பப் பழகிப்போன இடம் அது. கூலிங் இல்லை என்றால், லீக் எங்கே என்று தேடாமல் கேஸை ஏற்றிவிட்டு வந்துவிடுவது. பைப்பில் இருக்கும் காற்றை வெளியேற்ற வேக்குவம் பம்ப் போடாமல், கொஞ்சம் கேஸையே ஊதித் தள்ளிவிடுவது. நானும் செய்திருக்கிறேன். 20 நாளில் போன் வரும், "தம்பி, மறுபடி அதே மாதிரி." இலவசமாகப் போய்ப் பார்க்கவேண்டும், பெட்ரோல் நம்முடையது, பெயர் போவதும் நம்முடையது. வீட்டம்மா நோட்டில் இதற்கென்று தனிப் பக்கம் போட்டாள், 'ஓசி நடை' என்று தலைப்பு. 2022 மே மாதத்தில் மட்டும் 17 நடை.

அந்த 17-ஐப் பார்த்துவிட்டுத்தான் கடன் வாங்கி வேக்குவம் பம்பும் எடை போடும் டிஜிட்டல் தராசும் வாங்கினேன். நைட்ரஜன் சிலிண்டர் வாடகைக்கு. இப்போது முதலில் நைட்ரஜன் ஏற்றி அழுத்தம் நிற்கிறதா பார்ப்போம், சோப்பு நுரை தடவி லீக்கைப் பிடித்துப் பற்றவைத்து அடைப்போம், வேக்குவம் இழுப்போம். பைப்புக்குள் ஈரம் தங்கினால் கம்ப்ரஸர் ஆயிலோடு சேர்ந்து அமிலமாகி உள்ளுக்குள்ளேயே அரிக்கும். ஆர்-32, ஆர்-410ஏ என்ற கேஸ்களில் ஓடும் மெஷின்களில் இருக்கும் ஆயில் ஈரத்தை இன்னும் வேகமாக இழுக்கும். ஆர்-32 தீப்பிடிக்கக்கூடிய கேஸ் வேறு, அதை வீட்டுக்குள் ஊதி விளையாடக்கூடாது. கடைசியில் மெஷின் மேல் ஒட்டியிருக்கும் தகட்டில் எத்தனை கிராம் என்று போட்டிருக்கிறதோ அத்தனை கிராம், தராசில் வைத்து. வீட்டுக்காரரையும் பக்கத்தில் கூப்பிட்டுக் காட்டுவேன். இவ்வளவு செய்துவிட்டு 2,800 என்று சொல்ல எனக்கு ஒத்திகையே தேவைப்படவில்லை. விலை சொல்லத் தயங்கியதற்குப் பாதிக் காரணம் அப்பாவின் தறி என்றால், மீதிப் பாதி இதுதான். அரைகுறையாகச் செய்திருக்கிறோம் என்று உள்ளுக்குள் தெரிந்தவன் குரல் எப்படி உயரும்?

உயரத்து வேலை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது மாடிச் சுவரில், கால் வைக்க இடமில்லாத பிராக்கெட்டில் அவுட்டோரை மாட்டி வைத்திருப்பார்கள். அதே கூலிக்கு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எத்தனையோ தடவை இறங்கியிருக்கிறேன். இப்போது பெல்ட், கயிறு, இரண்டு ஆள், 1,500 கூடுதல். முடியாது என்றால் வேலை வேண்டாம்.

அடுத்தது சீசன். எங்கள் ஊரில் மார்ச்சில் ஆரம்பித்து ஜூனோடு முடியும், அக்னி நட்சத்திரம் உச்சம். அந்த 4 மாதம் ஆள் பற்றாது, மழை மாதங்களில் ஈ ஓட்டுவோம். 2023 ஜனவரியில், பொங்கல் முடிந்த கையோடு, பழைய நம்பர்களுக்கு எல்லாம் நானே போன் செய்தேன். அதற்கும் மனசு இடம் கொடுக்கவில்லை. நாமாகப் போய்க் கேட்டால் பிச்சை கேட்கிற மாதிரி இல்லையா? ஒரு நாளைக்கு 8 போன் என்று கணக்கு வைத்துக்கொண்டேன், 9-வது கிடையாது. "பிப்ரவரியில் சர்வீஸ் பண்ணிட்டா வெயில் நேரத்துல நீங்க காத்துக் கிடக்கவேண்டாம்" என்று சொன்னேன். எரிந்து விழுந்தவர் ஒருவர்கூட இல்லை. மூன்றில் ஒருவர் சரி என்றார்.

அதோடு வருஷ ஒப்பந்தமும் ஆரம்பித்தேன், இரண்டு வெட் சர்வீஸ், நடுவில் எத்தனை தடவை கூப்பிட்டாலும் வருவது. இங்கே ஒரு பெரிய அடி வாங்கினேன். ஆசைப்பட்டு முதல் வருஷம் கேஸையும் ஒப்பந்தத்துக்குள் சேர்த்துவிட்டேன். 40 பேர் சேர்ந்தார்கள். சந்தோஷத்தில் மெஷினைப் போய்ப் பார்க்காமலே சேர்த்தேன், அதில் 6 பேரிடம் இருந்தது பழைய ஆர்-22 மெஷின். ஓசோன் படலத்தைக் கெடுக்கும் கேஸ் என்பதால் உலக நாடுகள் போட்ட மான்ட்ரியல் ஒப்பந்தப்படி அதன் உற்பத்தியைக் குறைத்துக்கொண்டே வருகிறார்கள், விலையும் அதற்கேற்ப ஏறிக்கொண்டே போகிறது. காயில் எல்லாம் அரித்துப்போன மெஷின்கள். அந்த 6 வீடுகள் மற்ற 34 வீட்டு லாபத்தில் பெரும்பகுதியைத் தின்றுவிட்டன. வார்த்தை கொடுத்தாயிற்று, வருஷம் முழுக்கச் செய்துகொடுத்தேன். மறு வருஷம் கேஸை வெளியே எடுத்தேன், மெஷினைப் பார்க்காமல் யாரையும் சேர்ப்பதில்லை.

மழைக் காலத்துக்கு இன்னொரு வழியும் கிடைத்தது, கடை ஃப்ரீஸர்கள். மதுரையில் ஜிகர்தண்டாக் கடைக்கும் பால் கடைக்கும் ஃப்ரீஸர் நின்றால் அன்றைய பிழைப்பு நின்றது. அவர்கள் விலையைப் பற்றிப் பேசுவதைவிட, எத்தனை மணிக்கு வருவாய் என்றுதான் கேட்பார்கள். வீட்டு ஏசியில் 600-க்கு நெளிந்த நான், ராத்திரி 9 மணிக்கு ஒரு கடை ஃப்ரீஸரைப் பார்க்கப்போய் அதுபோல் இரண்டு மடங்கு சொன்னபோது, கடைக்காரர் கல்லாவில் இருந்து எடுத்து எண்ணிக் கொடுத்துவிட்டு ஒரு ஜிகர்தண்டாவும் கொடுத்தார்.

சொந்தக்காரர்கள் விஷயம் இருக்கிறதே, அதற்கு இன்னும் எனக்கு முழுத் தீர்வு கிடைக்கவில்லை. "மருமகன் இருக்கும்போது வெளியாளைக் கூப்பிடவா?" என்று மாமா கேட்பார். போனால் அவர் வீடு, அவர் சம்பந்தி வீடு, சம்பந்தியின் பக்கத்து வீடு. இப்போதைக்கு ஒரு முறை வைத்திருக்கிறேன். அப்பா வீடு, மாமனார் வீடு, நான் தொழில் தொடங்கியபோது சாமானைக் கடனுக்குக் கொடுத்த ஸ்பேர்ஸ் கடைக்காரர் வீடு, இந்த மூன்றுக்கும் என்றைக்கும் கூலி கிடையாது. மற்ற சொந்தங்களுக்கு அட்டை விலைதான், ஆனால் முன்னுரிமை உண்டு, கூப்பிட்ட அன்றே போவேன். ஒரு சித்தப்பா ஒரு வருஷம் பேசாமல் இருந்தார். பிறகு அவர் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தார், அட்டையைப் பற்றி இரண்டு பேருமே பேசவில்லை.

கூட வந்த பையனைப் பற்றி. கணக்கு கொஞ்சம் நிமிர்ந்ததும் அவன் கூலியை 900 ஆக்கினேன், தனியாக வேலைக்கு அனுப்பினேன். அவனைத் தனியாக அனுப்பப் பயமாகத்தான் இருந்தது. தொழிலைக் கற்றுக்கொண்டு போய்விடுவானே என்று. போகத்தான் செய்தான், 2024 தீபாவளிக்கு அப்புறம். 11 வாடிக்கையாளர்களும் அவனோடு போனார்கள். ஒரு மாதம் அவன் பெயரைக் கேட்டாலே எரிந்தது. நானும் ஒரு டீலரிடம் இருந்து இப்படித்தான் வந்தேன் என்பதை வீட்டம்மா இரண்டு தடவை ஞாபகப்படுத்தினாள், முதல் தடவை நான் கேட்டுக்கொள்ளவில்லை. இப்போது என்னால் போகமுடியாத வேலைகளை அவனுக்கு அனுப்புகிறேன், அவனும் கேஸ் வேலையில் சிக்கினால் எனக்குப் போன் அடிக்கிறான். ஒரு விஷயம் கவனித்தேன், அவன் விலை சொல்லத் தயங்குவதே இல்லை. அவன் வேலைக்குச் சேர்ந்தபிறகு பார்த்தது பெரும்பாலும் அட்டையோடு நிற்கும் என்னைத்தான்.

ஜிஎஸ்டி பயமும் ஒன்று இருந்தது. வருமானம் கூடினால் வரி ஆபீசில் மாட்டிக்கொள்வோம் என்று நினைத்தே சிறியதாக இருந்துகொண்டேன். ஒரு ஆடிட்டரிடம் 500 ரூபாய் கொடுத்து அரை மணி நேரம் உட்கார்ந்தேன். சேவைத் தொழிலுக்கு வருஷத்துக்கு 20 லட்சம் வரவைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம் என்றார். நான் எங்கே, 20 லட்சம் எங்கே! இல்லாத ஒன்றுக்குப் பயந்து இத்தனை நாள் குனிந்திருக்கிறேன்.

2025 ஏப்ரல் கடைசி வாரம் அதே மாதிரி நோட்டுப் போட்டோம். புதுப் பையன் ஒருவனோடு 24 வேலைகள். வந்தது 33,600. சாமான் 8,300, பெட்ரோல் 2,100, பையனுக்கு 5,400. மிச்சம் 17,800, என் நேரம் 54 மணி. மணிக்கு 330 ரூபாய் கிட்டத்தட்ட. மூன்று வருஷத்தில் எல்லாருடைய விலையும்தான் ஏறியிருக்கிறது, செயலியில் ஏசி சர்வீஸ் பதிவு செய்து பழகிய ஜனங்களுக்கு முன்கூட்டி விலை தெரிவதும் வழக்கமாகிவிட்டது. அதையெல்லாம் என் சாமர்த்தியக் கணக்கில் எழுதிக்கொள்ள மாட்டேன். செயின் வீட்டுக்கு வந்துவிட்டது. 1 கோடி எழுதிய தாளை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை.

2025 செப்டம்பரில் ஏசிக்கு ஜிஎஸ்டி 28-ல் இருந்து 18 சதவீதமாகக் குறைந்ததில் இருந்து, புது மெஷின் வாங்குகிறவர்கள் எங்கள் பக்கம் கூடியிருக்கிறார்கள். 300 ரூபாய்க்கு சர்வீஸ் செய்கிறேன் என்று புதுப் பசங்களும் வந்திருக்கிறார்கள். ஒருவனை ஸ்பேர்ஸ் கடையில் பார்த்தேன், வேலைக்காரப் பையன், கை சுத்தம். "எவ்வளவுப்பா வாங்குற?" என்றேன். "அவங்களா பார்த்துக் குடுக்கறதுதாண்ணே" என்றான். அட்டையை எடுத்து அவனுக்கு ஒரு போட்டோ எடுக்கக் கொடுத்தேன்.

போன வாரம் கே.கே. நகர் டீச்சரம்மா போன் செய்தார். நாலு வருஷத்துக்கு அப்புறம். இண்டோரில் தண்ணீர் சொட்டுகிறதாம், வைத்திருந்த ஆள் போனை எடுப்பதில்லையாம். உடம்பு, பேரன் படிப்பு எல்லாம் விசாரித்துவிட்டு, "இப்ப எவ்வளவு தம்பி வாங்குற?" என்றார்.

"எழுநூத்தம்பதும்மா."

மறுமுனையில் சத்தம் இல்லை. நான் ஒரு வீட்டு மொட்டை மாடியில் நின்றிருந்தேன், பக்கத்தில் டூல் பேக்கூட இல்லை. அவுட்டோர் மேல் கிடந்த காய்ந்த வேப்பிலைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தேன். நாலைந்து பொறுக்கியிருப்பேன்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றார்.

"சரிங்கம்மா" என்றேன்.

இன்னும் கூப்பிடவில்லை. வெயிலும் இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது.